சிவப்புப் புள்ளி வைத்த பிளக்

உலாரின் விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. காலையில் தேநீர்க் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டியபோது பார்த்தேன்.

வேறொருத்தி என்றால் பதறிப்போய் மருந்து தேடியிருப்பாள். எனக்குப் பதற்றம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தக் காயம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். எங்கள் வண்டி பழைய சுபாரு டர்போ. அதன் எஞ்சின் மற்ற வண்டிகளில்போல் நிமிர்ந்து நிற்காது, அகலமாகப் படுத்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு பக்கத்திலும் வண்டிச் சட்டத்தை ஒட்டி, கை நுழையாத இடுக்கில் இருக்கும். ஒரு பக்கம் பேட்டரியைக் கழற்றி, மறுபக்கம் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி, கையைத் திணித்து, கண்ணால் பார்க்காமல் தடவியே திருக வேண்டும். தோல் உரியாமல் அந்த வேலையை முடித்ததாக பிஷ்கெக் நகரத்தில் எவனும் சொல்லி நான் கேட்டதில்லை.

"கையில என்ன?" என்றேன்.

"கேட்டுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்த கேட்டு?"

"நம்ம கேட்டுதான், அய்கானிஷ். ஊர்ல இருக்கற கேட்டையெல்லாமா போய் இடிச்சுக்கிட்டு வருவேன்?"

சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வண்டிக்குப் பிளக் தேர்ந்தெடுப்பவள் நான். ஆட்டோ பஜாரில் சொந்தமாகக் கண்டெய்னர் கடை போட்டுப் பிளக் விற்கிறவள் வீட்டில் இருக்க, எனக்குத் தெரியாமல் இவன் பிளக் மாற்றியிருக்கிறான். அப்படியென்றால் அதை எங்கே வாங்கினான்? யாரிடம் வாங்கினான்?

எங்களைச் சேர்த்து வைத்ததே பிளக்குகள்தான். கடைக்கு வருகிறவர்கள் சாதாரணமாக வண்டியின் பெயரைச் சொல்லி "நாலு குடு" என்பார்கள். உலார் முதல் தடவை வந்தபோது, கழற்றிய பிளக் நான்கையும் துணியில் சுற்றி எடுத்துவந்து, எது எந்த சிலிண்டரில் இருந்ததோ அதே வரிசையில், முனைகள் என்னைப் பார்க்கும்படி என் பலகைமேல் வைத்தான். பிளக்கைப் படிக்கத் தெரிந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? நுனியிலுள்ள பீங்கான் கறுத்திருந்தால் வண்டி ஊருக்குள்ளேயே ஊர்ந்து கரி கட்டியிருக்கிறது. தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். வெளுத்திருந்தால் நெடுந்தூரம் விரட்டி விரட்டி ஓட்டியிருக்கிறார்கள். அன்று மூன்றாவது மட்டும் கறுத்திருந்தது. "மூணாவதுல பெட்ரோல் ஒழுகுது" என்றேன். அவன் பிளக்கைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

ஆறாம் நம்பர் கொடுத்தேன். அந்த எஞ்சினுக்கு ஆறுதான். நம்பர் ஏற ஏறப் பிளக் சூட்டை வேகமாக வெளியே தள்ளும். ஏழு என்பது வண்டியை மூச்சு வாங்க ஓட்டுகிற வாலிபர்களுக்கு. வீட்டுக்கும் வேலைக்கும் போய்வருகிறவன் ஏழு போட்டால், பிளக் சூடே ஏறாமல் கரி அப்பிக்கொள்ளும். உலார் ஒரு மாவு மில்லில் எலக்ட்ரீசியன். வீடு, மில், வீடு. அவ்வளவுதான் அவன் ஓட்டம். அப்படித்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் தம்பி வீட்டில் உருளைக்கிழங்கு தோண்ட நடந்தே போய்விட்டான். நான் பானெட்டைத் திறந்து, கைக்கு எட்டுகிற பிளக் ஒன்றைக் கழற்றினேன்.

ஏழாம் நம்பர். பொறி தாவுகிற இடைவெளி, நாங்கள் கேப் என்போமே, அதையும் யாரோ கவனமாகக் குறைத்திருந்தார்கள். பீங்கான் கழுவி வைத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. உலோகப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி யாருடையது என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. எங்கள் பஜாரில் போலிச் சரக்கு அதிகம். எவனோ எங்கோ வாங்கிய போலியைக் கொண்டுவந்து, உன்னிடம்தான் வாங்கினேன் என்று சட்டையைப் பிடிப்பான். அதனால் விற்கும்போதே ஆளுக்கொரு நிறத்தில் புள்ளி வைத்துக் கொடுப்போம். என்னுடையது பச்சை பெயிண்ட். பக்கத்துக் கடையில் எஞ்சின் ஆயில் விற்கும் துங்கான் இனத்துப் பையன் இஸ்மாருடையது மஞ்சள். பெயிண்ட் வாங்கக்கூட மெனக்கெடாமல், தன் விரல்களுக்குப் பூசுகிற அதே புட்டியிலிருந்து நெயில் பாலிஷ் எடுத்து வைப்பவள் ஒருத்திதான். எதிர் வரிசை வெனெரா.

பொறாமை என்றால் பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாரில்லை. வெனெராவும் பிளக்தான் விற்கிறாள். யார் வந்தாலும் விற்பாள், டாக்ஸிக்காரன், லாரிக்காரன், கேஸ் வண்டிக்காரன் என்று பேதம் கிடையாது. நான் அப்படியில்லை. கேஸ் வண்டிக்குச் சாமான் இல்லை என்று கதவிலேயே கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருப்பவள். பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்க நல்ல எஞ்சினில் கேஸ் மாட்டுகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவர்களையெல்லாம் எதிர் வரிசைக்குக் கையைக் காட்டி அனுப்புவேன். அனுப்பியது போதாதென்று இப்போது என் புருஷனும் போயிருக்கிறான்.

பிளக்கைத் திருப்பி மாட்டிவிட்டு யோசித்தேன். ஏழாம் நம்பர், அதுவும் கரியே இல்லாமல். மில்லுக்குப் போய்வந்தால் இப்படி வெளுக்காது. எங்கேயோ தூரமாக, வேகமாக, அடிக்கடி போகிறான். தனியாகப் போக அவனுக்கு என்ன தலையெழுத்து? போதாக்குறைக்கு ஆகஸ்டிலிருந்து டிக்கியில் ஒரு வெங்காய மூட்டையை வைத்துக்கொண்டு இறக்கவே மாட்டேன் என்கிறான். வண்டியெல்லாம் அழுகின வெங்காய வாடை. கேட்டால், உன் அம்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பான். ஒரு பெண்ணின் சென்ட் வாடையை மறைக்க வெங்காயத்தைவிடத் தோதான சாமான் உண்டா?

மறுநாள் கடை திறந்ததும் எதிர் வரிசைக்குப் போனேன். வெனெரா சம்சா தின்றுகொண்டிருந்தாள். விரல்கள் அத்தனையும் சிவப்பு.

"வாடி அய்கானிஷ்! வழி தெரியாம வந்துட்டியா?"

"என் வீட்டுக்காரன் இங்க வந்தானா?"

"எத்தனையோ பேரோட வீட்டுக்காரங்க வர்றாங்க. கடை வச்சிருக்கேன்ல."

"ஏழாம் நம்பர். உன் புள்ளி இருக்கு."

அவள் மென்று விழுங்கும்வரை என்னைக் காக்க வைத்தாள். "இருந்தா என்ன? கேட்டான், குடுத்தேன்."

"அவனுக்குக் குடுக்க நான் இருக்கேன்."

"இருக்கே, யாரு இல்லைன்னா? ஆனா பொண்டாட்டிகிட்ட கேக்க முடியாததுன்னு ஒரு மனுஷனுக்கு ஏதாச்சும் இருக்கும்ல?"

"வாய அளந்து பேசு, வெனெரா."

"அளந்துதான்டி பேசறேன். மிச்சத்த அவனையே கேட்டுக்கோ, நான் வாக்குக் குடுத்திருக்கேன்." விரல்களைத் துடைத்துக்கொண்டே, ஏதோ நல்லது சொல்வதுபோல் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா ஒண்ணு. பழைய பிளக் நாலையும் துணியில சுத்திக் கொண்டாந்து வரிசையா வச்சான் பாரு. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு ஆம்பள என் கடைக்கு வந்ததில்லடி."

அவன் அவளை முத்தமிட்டான் என்று சொல்லியிருந்தால்கூட நான் திருப்பி ஏதாவது திட்டியிருப்பேன். இதற்கு என் கடைப் பக்கம் திரும்பி நடந்துவிட்டேன். அந்த வரிசை என்னுடையது. அதை அவன் கொண்டுபோய் அவள் பலகைமேல் வைத்திருக்கிறான்.

திரும்பி வந்ததும் இஸ்மார் ஆயில் டின்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினான். எங்களைவிடச் சின்னவன், என்னை எஜே, அதாவது அக்கா என்றும், உலாரை பைகே, அண்ணன் என்றும்தான் கூப்பிடுவான்.

"என்ன எஜே, எதிர்க்கடையில டீயெல்லாம் பலமா?"

"விஷம் குடுத்தா. குடிச்சிட்டு வரேன்."

"உலார் பைகே விஷயமா? நான் சொன்னேன்னு சொல்லாத. அவரு வந்தப்போ ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டுக் குசுகுசுன்னு பேசினாங்க."

"கதவச் சாத்தினாங்களா?"

"பாதிக் கதவுதான், எஜே. காத்துல சாத்திக்கிட்டிருக்கும்."

"எந்தக் காத்துடா? இந்தக் கோடையில ஒரு இலை ஆடியிருக்கா?"

அந்த வாரம் முழுக்க நான் உலாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், பொய் சொன்னால் நான் உடைந்துபோவேன். அடுத்த ஞாயிறு கொச்கோர் ஊரில் என் அக்கா மகனுக்குக் கல்யாணம், இருவரும் போவதாக இருந்தோம். கல்யாணம் முடிந்ததும் அக்கா வீட்டிலேயே தங்கிவிடுவது, இவனோடு திரும்பி வருவதில்லை என்று முடிவு கட்டினேன். பெரிய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். குளிர்காலக் கோட்டு, பூட்ஸ் எல்லாம் அதில் போயிற்று.

ஆனால் போவதற்கு முன் ஒன்று பாக்கியிருந்தது. சனிக்கிழமை அவன் மறுபடி தம்பி வீட்டுக்குப் போனதும் வண்டியைத் திறந்து, சிவப்புப் புள்ளி நான்கையும் பிடுங்கி எறிந்தேன். எறிந்தேன் என்றால் கோபத்தில் சொல்கிறேன். அவனுடைய பழைய காலுறையில் போட்டு, சாட்சிக்கு வேண்டுமென்று என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்தில் என்னுடைய ஆறாம் நம்பர், வழக்கமான கேப், பச்சைப் புள்ளி. நான் இல்லாவிட்டாலும் அந்த வண்டி என் பிளக்கில்தான் ஓட வேண்டும்.

மறுநாள் காலை தேநீர்க் கிண்ணத்தை நீட்டும்போது உலார் என் கையைப் பார்த்தான்.

"கையில என்ன?"

"கேரட் துருவினேன். கல்யாணத்துல பலாவ் சோறு இருக்குல்ல."

"அக்கா வீட்டுக் கேரட்ட இங்கயிருந்தே துருவிட்டுப் போறோமா?"

"ஆமா."

அவன் இன்னொரு தரம் என் விரல்களைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அதன் கனம் அவன் கைக்குத் தெரிந்திருக்கும்.

டோக்மோக் ஊரைத் தாண்டும்வரை வண்டி பரவாயில்லை. பிறகு அங்கங்கே விக்க ஆரம்பித்தது. ஆறாம் நம்பர் போட்டு அது விக்கியதே இல்லை. என் பிளக்கின்மேல் எனக்கே ஒரு சந்தேகம் எழுந்தது, அதை விழுங்கிவிட்டேன்.

"ஏதோ சரியில்லையே" என்றான்.

"வேற எதுக்கோ பழகிடுச்சோ என்னவோ" என்றேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பூம் பள்ளத்தாக்கில் ஏற்றம். ஒரு லாரியை முந்த அவன் அழுத்தியதும் வண்டிக்குள் வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம். பானெட் அதிர்ந்தது. உலார் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ தடவித் தட்டினான். எஞ்சின் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றுபோனது. பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. வண்டி தானாக உருண்டு, ஆற்றோரம் புகை போட்ட மீனைத் தொங்கவிட்டு விற்கிற ஒரு கடைக்குப் பக்கத்தில் நின்றது.

அவன் பானெட்டைத் திறந்தான். காற்றுக் குழாய் பிய்த்துக்கொண்டு தனியே தொங்கியது. கருவிகளை எடுக்க நான் டிக்கிக்குப் போனேன். என் பெட்டியை இறக்கினேன், வெங்காய மூட்டையை இறக்கினேன், அடிப்பலகையைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயர் இருக்க வேண்டிய குழியில், அதே வட்டத்தில், சாம்பல் பெயிண்ட் அடித்த இரும்புத் தொட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து குழாய் போனது. வெங்காய வாடை மூட்டையிலிருந்து வரவில்லை, அதிலிருந்து வந்தது.

"கேஸா?" என்று நான் போட்ட சத்தத்தில் மீன்காரி எழுந்து நின்றாள். "உலார்! இந்த வண்டியில கேஸா?"

அவன் பானெட்டுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. "ஆகஸ்டுலேர்ந்து" என்று குரல் மட்டும் வந்தது.

"பந்தயக் குதிரையப் பிடிச்சு உருளைக்கிழங்கு வண்டியில கட்டியிருக்கியே! உனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு. அதனாலதான் குழாயெல்லாம் அடிவழியா விட்டு ஒளிச்சு வச்சேன்." இப்போது வெளியே வந்தான். "நீ என்ன சொன்னே? விலை ஒசந்த தொண்ணூத்தெட்டாம் நம்பர் பெட்ரோல் ஊத்த முடியலேன்னா வித்துடு, கேஸ் மட்டும் மாட்டினா இந்த வண்டியில கால் வைக்க மாட்டேன்னே. எனக்கு விக்கவும் மனசு வரல. நீ கால் வைக்காத வண்டிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அப்போ வெனெரா?"

"கேஸுக்கு ஏழாம் நம்பர் வேணும், கேப்பையும் குறைக்கணும். போன வாரம் கை உரிஞ்சதே அந்தக் கேப்பத் திரும்பச் சரி பார்த்தப்போதான். இல்லேன்னா இப்படித்தான் காத்துக் குழாயில வெடிக்கும். சீட்டுக்கு அடியில சுவிட்சத் தட்டிப் பெட்ரோலுக்கு மாத்தினேன், டேங்க்ல பெட்ரோல் இல்ல. உங்கிட்ட வந்து, ஏழு குடு, கேப்பக் குறைன்னு சொன்னா, பாதி வார்த்தையிலயே கண்டுபிடிச்சிருக்க மாட்ட? ஊர்ல அவனவன் போலீசுக்குப் பயப்படறான். நான் ஒருத்தன்தான் பிளக் வாங்கப் பயந்தவன்."

நான் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கேஸ் எரிந்தால் கரி விடாது என்பது டாக்ஸி ஓட்டுகிறவனுக்கெல்லாம் தெரியும். அதனால்தான் அந்த வெள்ளை. நெடுந்தூரமும் இல்லை, பெண்ணும் இல்லை. கேஸ் வண்டியின் பிளக்கை நான் ஒரு நாளும் கையால் தொட்டதில்லை, பிறகு எப்படிப் படிப்பேன்?

நிம்மதி வந்தது. ஆனால் அது உட்காருவதற்கு முன்பே, போய்விட்டது என்று நினைத்த பொறாமை திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"எனக்குப் பயப்படறேன்னு அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். தெரிஞ்சா கொன்னுடுவா, நீ வாயத் திறக்காதேன்னு."

"அவ என்ன சொன்னா?"

"சிரிச்சா."

சிரித்திருப்பாள். ஆகஸ்டிலிருந்து தினமும் எதிர் வரிசையில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பாள். என் வீட்டு ரகசியம் அவள் கண்டெய்னரில் இருந்திருக்கிறது, என் வீட்டில் இல்லை.

"வரிசையா வச்சியா?" என்றேன்.

"எத?"

"பிளக்க. அவ பலகையில. முதல் தடவ எங்கிட்ட வச்சியே, அந்த மாதிரி வரிசையா வச்சியா?"

அவன் தலையைச் சொறிந்தான். அவன் கண்ணில் கேலி இல்லை. "வேற எப்படி வைப்பேன், அய்கானிஷ்? எனக்கு அப்படித்தான் வைக்கத் தெரியும்."

அதற்குமேல் அவனை என்ன கேட்பது? எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். மீன்காரி உப்புத் தயிரைக் காயவைத்து உருட்டிய குருத் இரண்டு கொடுத்தாள், சண்டை போடுகிறவர்களுக்கு உப்பு வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அவன் ஒன்றை வாயில் போட்டு அதக்கிக்கொண்டு கேட்டான்:

"ஆறாம் நம்பரப் போட்டது நீதானே? கேரட்டுன்னப்பவே புரிஞ்சது. நீ சும்மா கழட்டிப் பாத்துட்டு அதையே திருப்பி மாட்டியிருப்பேன்னு நினைச்சேன். அந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் எங்க, தூக்கிப் போட்டுட்டியா?"

கைப்பையிலிருந்து காலுறையை எடுத்து நீட்டினேன்.

"என் காலுறை!"

"சாட்சிக்கு வச்சிருந்தேன்."

"எந்தக் கோர்ட்டுல?"

"எங்க அக்கா வீட்டுல."

அவன் பார்வை சாலையோரம் கிடந்த பெரிய பெட்டிக்குப் போனது. பூட்ஸின் முனை மூடியைத் தூக்கிக்கொண்டு தெரிந்தது. நவம்பருக்கு முன்னால் யாரும் அதைப் போடுவதில்லை.

"நீ திரும்பி வர்றதா இல்லையா?" என்று கேட்டான்.

பாக்ஸ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பேட்டரிப் பக்கம் போனேன். "நீ அந்தப் பக்கத்து ரெண்டையும் மாட்டு" என்றேன்.

வெனெராவின் பிளக் இரண்டை நானே என் கையால் மாட்டினேன். நேற்று உரிந்த இடத்திலேயே மறுபடி உரிந்தது. ஒவ்வொரு திருகுக்கும் அவளை ஒரு வார்த்தை திட்டினேன், அந்தப் பக்கத்திலிருந்து உலாருக்குச் சிரிப்பு வந்தது. "சிரிச்சே, கொன்னுடுவேன்" என்றேன். அதற்கும் சிரித்தான். குழாயைத் திரும்ப மாட்டியதும் வண்டி விக்கல் இல்லாமல் ஏற்றத்தில் ஏறியது. அவள் சரியாகத்தான் கொடுத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

கொச்கோரில் அக்கா எங்கள் இருவர் கைகளையும் மாறிமாறிப் பார்த்தாள். "என்னடி இது, ரெண்டு பேருக்கும்?"

"கேரட்" என்றோம் இரண்டு பேரும்.

பெட்டியை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை. திரும்பும் வழியில் என் நிபந்தனையைச் சொன்னேன்: இனிமேல் பிளக் என்னிடம்தான். அதுவும் வீட்டில் ரகசியமாகக் கேட்கக் கூடாது. கடைக்கு வரவேண்டும், பஜாரே கேட்கும்படி கேட்க வேண்டும்.

"உனக்குத்தானே அவமானம்? கதவுல எழுதி வச்சிருக்கியே" என்றான்.

"அவமானத்த நான் பாத்துக்கறேன். நீ வா."

வந்தான். கூட்டம் அதிகமாக இருக்கிற நேரமாகப் பார்த்து வந்தான். பழைய நான்கையும் துணியிலிருந்து எடுத்து என் பலகைமேல் வரிசையாக வைத்து, முனைகளை என் பக்கம் திருப்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கேஸ் வண்டிக்கு நாலு பிளக் குடு" என்று கத்தினான். இஸ்மார் கையிலிருந்த ஆயில் டின்னை நழுவவிட்டான். வரிசை மொத்தமும் என் கதவைப் படித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. எதிரே வெனெரா வாசலுக்கே வந்து நின்றாள்.

என் முகம் எப்படி இருந்ததோ, தெரியாது. ஏழாம் நம்பர் நான்கை எடுத்தேன். இவனுக்கென்றே வாங்கி வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கேப் குறைக்க வேண்டும். எவ்வளவு? கேஸ் வண்டிக்கு என்னிடம் சொந்தமாக ஒரு கணக்குக் கிடையாது. அவன் வைத்த வரிசையிலிருந்து சிவப்புப் புள்ளி ஒன்றை எடுத்து, கேப் அளக்கும் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து, சரியாக உட்கார்ந்த தகட்டைத் தனியே வைத்துக்கொண்டேன். வெனெரா இதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். புதிய நான்கையும் அந்த அளவுக்குத் தட்டி, நான்கிலும் பெரிதாகப் பச்சைப் புள்ளி வைத்து உலாரிடம் கொடுத்தேன்.

"வேற எங்கயும் போக மாட்டேல்ல?" என்றேன், எல்லாரும் கேட்கும்படி.

"எங்க போவேன்?" என்றான்.

மீதியிருந்த பச்சை பெயிண்டால் கதவில் எழுதியிருந்ததை அழித்தேன். இப்போது கேஸ் வண்டிக்காரர்கள் என்னிடமும் வருகிறார்கள், சரியாகக் கேப் வைத்துத் தருகிறேன் என்று பேர்கூட வாங்கியிருக்கிறேன். உலார் அவளிடம் போவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தகட்டைத் தேடி எடுத்து நுழைக்கும்போது எதிர் வரிசையை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். புள்ளி என்னுடையது, அளவு அவளுடையது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.